உப்பு ரயில் பாதையும் சாராள் சிஸ்டரும்

திருநின்றவூர் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது முனிரத்தினம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து சுகாதார நிலையத்தில் நான் கம்பவுண்டராக இருந்த காலத்தில் அவர் அங்கே வார்டு உதவியாளர். இவ்வளவு தூரம் பஸ் மாறி வந்திருக்கிறார் என்றாலே நல்ல செய்தியாக இருக்காது.

"சாராள் சிஸ்டர் பூட்டாங்க சார். நேத்து மத்தியானம். ஊத்துக்கோட்டையில டூட்டி முடிச்சிக்கினு ஊட்டுக்கு வந்தாங்களாம். மாரு வலிக்குதுன்னு படுத்தாங்களாம். அவ்ளோதான்."

நான் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். என் வண்டி வந்து, நின்று, போயிற்று. அதன் பிறகு முனிரத்தினம் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். "ஆலைக்காரங்க அனுதாபக் கூட்டம் வெக்கிறாங்க சார். அந்த இஞ்சின் பார்க்குலதான். நீங்க வந்து பேசணுமாம். கார் அனுப்புறேன்னு சொன்னாங்க."

இறந்தவரைப் பற்றி எழுதும்போது முதலில் துக்கத்தைச் சொல்வதுதான் முறை. ஆனால் எனக்கு முதலில் வந்தது குமட்டல். அழுகை மறுநாள் அடக்கத்தின்போதுதான் வந்தது.

அடக்கத்துக்கு ஆலையிலிருந்து இரண்டு பேர் ஒரு பெரிய மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிஸ்டரின் தங்கை ரூத்திடம் போய், நல்ல புகைப்படம் ஒன்று வேண்டும், பெரிதாக்கி இஞ்சினுக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறோம் என்றார்கள். ரூத் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் சொன்னார்: "எங்க அக்கா படம் அங்க வோணாம். இந்த மாலையும் எத்துக்கினு போங்க." அவர்கள் வளையத்தைக் கல்லறைத் தோட்டத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். ஓர் ஆடு வந்து அதைத் தின்றது. யாரும் விரட்டவில்லை.

கூட்டத்துக்கு நான் போகவில்லை. அவரோடு வேலை செய்தவர்கள், அவர் கையில் பிள்ளை பெற்றவர்கள், அவரிடம் ஊசியும் திட்டும் வாங்கியவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். உங்களில் பலருக்குக் கதையின் ஏதோ ஒரு பகுதி தெரியும். முழுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

சுகாதார நிலையத்தில் நான் சேர்ந்த முதல் வாரம், காலில் புண்ணோடு ஒரு வண்டிக்காரரைக் கொண்டுவந்தார்கள். கட்டைப் பிரித்ததும் உள்ளே புழு நெளிந்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். சாராள் சிஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். போட்டுக்கொண்டே, மதியத்துக்கு என்ன குழம்பு கொண்டுவந்தேன் என்று என்னை விசாரித்தார். என் கண் தட்டிலேயே இருந்தது. "புழு இன்னா பண்ணும் கம்பவுண்டரே? அது பொறந்த எடத்துல அது கீது," என்றார். வண்டிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். சிஸ்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அப்போது அவருக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். கடைசிவரை அவருக்கு நான் கம்பவுண்டர்தான், எனக்கு அவர் சிஸ்டர்தான்.

சீழ், மலம், வாந்தி, பிரசவ ரத்தம் எதற்கும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கும் அருவருப்பு உண்டு. எங்கள் பக்கத்து ஆரணியில் ஒரு பெரிய வீட்டில் தலைப்பிரசவம் பார்த்துவிட்டுக் களைத்து வெளியே வந்தவருக்கு, மாட்டுக் கொட்டகை ஓரமாக நிற்கவைத்து, கையைக் குவிக்கச் சொல்லி, மேலிருந்து தண்ணீர் ஊற்றினார்களாம். குழந்தையை எடுத்த அதே கைதான். திரும்பி வந்து மேசையில் பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "குடிக்கல. எனக்குதான் கொமட்டுச்சி." காலனியில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, நர்ஸ் வேலைக்கு வந்தவர் அவர். அந்த வீட்டிலிருந்து அடுத்த பிரசவத்துக்கும் ஆள் வந்தது. போனார். போகும்போது பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்.

இனி அந்த ரயில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் உப்பு ரயில் ஓடியது. கிழக்கே கால்வாய்க் கரையில் இருந்த உப்பளங்களிலிருந்து கும்மிடிப்பூண்டி நிலையம் வரை மண்ணைக் கொட்டி உயர்த்திய ஒரு கரை. அதன்மேல் குறுகலான தண்டவாளம். ஒரு சின்ன நீராவி இஞ்சின், பின்னால் உப்பு அள்ளிப்போடும் இரும்புத் தொட்டிகள். நான் வேலைக்கு வருவதற்கு வெகு முன்பே உப்பளத்துக் கம்பெனியை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தில் பெரும்பகுதி ஏலத்தில் போயிற்று. மிச்சத்தை ஊர்கள் எடுத்துக்கொண்டன. மண்கரையை மட்டும் யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது, ஏரிக்கரையோர மீனவர் ஊரான நடுக்குப்பத்துக்கு அந்தக் கரை ஒன்றுதான் வழி. அம்மை குத்தவும் காலரா ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் நாங்கள் அதன் வழியாகத்தான் போவோம். சிஸ்டர் முன்னால், ஊசிப் பெட்டியோடு நான் பின்னால்.

சிஸ்டரின் அப்பா அந்த ரயிலில் தொட்டி தள்ளியவர். கரை இளகிய இடங்களில் இஞ்சினை விடமாட்டார்களாம், ஆட்கள்தான் தள்ளுவார்களாம். அவரைப் பற்றி சிஸ்டர் அதிகம் பேசியதில்லை. உப்புத் தண்ணீரில் வெடித்து ஆறவே ஆறாத அவர் பாதங்களைச் சின்ன வயதிலேயே தான் துடைத்துக் கட்டியதை மட்டும் ஒருமுறை சொன்னார். "அந்த வாசனையில வளந்தவ நான். அப்பறம் எதுக்கு மூக்கப் பொத்தப் போறேன்?"

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள், ரயில் கரையும் அதில் போகிறது என்ற பேச்சு வந்தபோது, ஒரு சனிக்கிழமை அவர் என்னிடம் கேட்டார்: "நாளைக்கு வேலை எதனா கீதா? அந்தக் கரைய மொத்தமா ஒருவாட்டி நடந்து பாத்துடணும் கம்பவுண்டரே. நம்ம நடுவுல ஏறி நடுவுல எறங்குறோம். எங்க நைனா தள்ளுன வழிய ஆரம்பத்துலருந்து நான் பாத்ததே இல்ல."

கோவில் ஆராதனை முடிந்து அவர் வந்ததும் கிளம்பினோம். ரயில் நிலையத்துச் சரக்குத் திடலுக்குப் பின்னால், உப்பை இறக்கிப் பெரிய வண்டியில் ஏற்றிய மேடை பாதி மண்ணுக்குள் கிடந்தது. அதன்மேல் எருமுட்டை அடுக்கியிருந்தார்கள். அங்கிருந்து கரை தொடங்கியது. ஏதோ பழைய காலத்துச் சின்னங்களைப் பார்க்கப் போகிறோம் என்று நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். வழியிலிருந்த ஊர்களுக்கெல்லாம் மேடான இடம் அது ஒன்றுதான் என்பதால், எல்லா ஊரும் காலைக்கடனைக் கழிப்பதும் அங்கேதான். கால் வைக்க இடமில்லை. வெயில் ஏற ஏற நாற்றம் தலைக்கு ஏறியது. நான் மேல்துண்டால் மூக்கைச் சுற்றிக்கொண்டேன். சிஸ்டர் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, "பாத்து வெச்சி வா. மேல பாத்துக்கினு வந்தா கீழ மெதிப்ப," என்றபடி முன்னால் போனார்.

ஆனால் பார்க்க நிறைய இருந்தது. செங்கல் வளைவு வைத்த சின்னப் பாலங்கள் அப்படியே நின்றன. அவற்றுக்கடியில் சிறுவர்கள் தூண்டில் போட்டார்கள். ஒரு மாட்டுக் கொட்டகையின் உத்தரம் முழு நீளத் தண்டவாளம். இன்னொரு வீட்டில் அம்மி வைத்த மேடைக்கு அடியில் இருந்தது ரயில் கட்டை. எடை போடுவதற்கு இருந்த கட்டடத்தில் கூரை இல்லை, சுவரில் மட்டும் ஒரு கடிகாரம் மாட்டியிருந்த வட்டத் தடம். ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் உப்புத் தொட்டி ஒன்று கிடந்தது, மேலே பாயைப் போட்டு மூடி. சிஸ்டர் பாயைத் தூக்கினார். உள்ளே சாராய ஊறல் நுரைத்துக்கொண்டிருந்தது. அதில் ஓர் எலி செத்து வயிறு உப்பி மிதந்தது.

வைக்கோல் போரிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தார். "சிஸ்டர், பேஜாரு பண்ணாதீங்க. புள்ளக்குட்டிக்காரன்."

"எலி செத்துக் கீதுய்யா இதுல."

"அது வடிகட்டும்போது பூடும் சிஸ்டர்."

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் தோள் கொடுத்துத் தொட்டியைக் கவிழ்த்தோம். என் வெள்ளை வேட்டி போன இடம் அதுதான். "புள்ளக்குட்டி இட்லிக்கட மாரியம்மா ஊட்ல சோறு துன்னட்டும். நான் சொன்னேன்னு சொல்லு. நீ நாளைக்கு வந்து காலரா ஊசி போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த ஆள் மறுநாள் வந்து ஊசி போட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இஞ்சின் கொட்டகை கடைசிக்குச் சற்று முன்னால் இருந்தது. தகரக் கூரையில் பாதி பறந்துபோயிருந்தது. உள்ளே இஞ்சின் நின்றது. நான் நினைத்ததைவிடச் சிறியது, ஒரு லாரியின் பாதி இருக்கும். ஏலத்தில் அதை யாரும் எடுக்கவில்லை. அதைச் சுமந்து போகும் செலவுக்கு அது தேறாது என்றார்களாம். பக்கத்தில் கொஞ்சம் தண்டவாளமும் கட்டைகளும் அடுக்கியிருந்தார்கள். வௌவால் எச்சம் புகைபோக்கி முழுக்க வழிந்து காய்ந்திருந்தது. சிஸ்டர் அடுப்புக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. ஒன்று செத்து அழுகியிருந்தது, மற்றவை அதன்மேல் படுத்திருந்தன. செத்த குட்டியை ஓலையில் எடுத்து வெளியே புதைத்துவிட்டு வந்தார்.

வெகு நேரம் இஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க நைனா இத்த 'தொர'ன்னுதான் சொல்லுவாரு. தொர வராரு, தொர நிக்கிறாரு. இவ்ளோண்டா இருந்துச்சா இது?" என்றார். பிறகு சிரித்தார். அன்றைக்கு அதன்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தொழிற்பேட்டை வந்தது. ரயில் கரையின் கடைசிப் பகுதி, கொட்டகையோடு சேர்த்து, ஓர் ஆலைக்குப் போயிற்று. அந்த ஆலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் செய்த முதல் வேலை, கழிவுநீர் ஏரிக்குப் போவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டியது. அது ரயில் கரையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. நடுக்குப்பத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வர வேண்டுமானால் அதில் இறங்கி ஏற வேண்டும். வெயில் காலத்தில் முழங்கால், மழையில் இடுப்பு. பழுப்பும் கறுப்புமான தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், அழுகிய முட்டையையும் சுட்ட தோலையும் சேர்த்தது போன்ற நாற்றம். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் தினமும் அதில் இறங்கினார்கள். சில வாரங்களில் தொடைவரை கொப்புளத்தோடு எங்களிடம் வரத் தொடங்கினார்கள். நான் களிம்பு கொடுப்பேன், அவர்கள் அதைப் பூசிக்கொண்டு அதே தண்ணீரில் இறங்கி வீட்டுக்குப் போவார்கள்.

சிஸ்டரும் நானும் ஆலையின் நிர்வாக அதிகாரியைப் பார்க்கப் போனோம். நல்ல படிப்பு, மென்மையான குரல். நாற்காலி கொடுத்து, காப்பி வரவழைத்தார். அறை ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மேசையின் ஓரத்தில் ஒரு கொத்து ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

"அது மழைத்தண்ணி வடியற வாய்க்கால்தாம்மா. அதுல ஒண்ணும் இல்ல," என்றார் அவர்.

"அப்ப ஊதுவத்தி இன்னாத்துக்கு சார்?" என்று சிஸ்டர் கேட்டார்.

அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். பழைய இஞ்சினை ஆலை பத்திரமாகப் பாதுகாக்கப்போகிறது என்றார். வாசலில் பூங்கா அமைத்து, மேடை கட்டி, அதை நிறுத்தப்போகிறார்களாம். மிச்சமிருக்கும் தண்டவாளம், கட்டைகள், தொட்டிகள் எல்லாவற்றையும் வேலி போட்டுக் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். "நம்ம பகுதியோட பெருமைம்மா அது. உங்க அப்பா அதுல வேலை செஞ்சவராமே? திறப்பு விழாவுல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

"வாய்க்காலுக்கு ஒரு பாலம் போட்டுக் குடுங்க சார். பேசறேன்."

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார் அவர். வெளியே வந்ததும் சிஸ்டர் காப்பியை வேலியோரம் துப்பினார். எழும்போது வாயில் ஊற்றிய ஒரே மடக்கை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்திருக்கிறார்.

திறப்பு விழா மழைக்காலத்தில் வந்தது. அன்று விடிந்ததும் நடுக்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. எல்லப்பன் என்ற மீனவரின் மனைவி கன்னியம்மாவுக்கு வலி கண்டிருக்கிறது, குழந்தை திரும்பாமல் கால் கீழே இருக்கிறது. சிஸ்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை காத்திருக்கப் பயந்து, கயிற்றுக் கட்டிலில் கிடத்தி இந்தப் பக்கம் தூக்கிவரப் பார்த்திருக்கிறார்கள். வாய்க்காலின் நடுவில் முன்னால் பிடித்தவருக்குக் கால் வழுக்கியிருக்கிறது. கட்டில் சாய்ந்து அந்தப் பெண் அந்தத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டாள். தூக்கி எடுத்து, மறுபடியும் ஊருக்கே கொண்டு போய்விட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் இடுப்பைத் தாண்டி ஓடியது. சிஸ்டர் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக இறங்கினார். நானும் இறங்கினேன். குழந்தையைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனமில்லை. ஆண் குழந்தை. இறந்து பிறந்தது. தாயைக் காப்பாற்ற மத்தியானம் தாண்டிவிட்டது. ரத்தம் நின்றதும் கன்னியம்மா கண்ணைத் திறந்து, "என் மேல இன்னா வாட சிஸ்டர் இது?" என்று கேட்டாள். சிஸ்டர் வெந்நீர் வைக்கச் சொல்லி, அவளைத் தலையிலிருந்து கால்வரை தானே குளிப்பாட்டினார். மூன்று முறை சீயக்காய் தேய்த்தும் அந்த நாற்றம் போகவில்லை.

திரும்பி வரும்போது ஆலை வாசலில் மேளச் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "கூப்ட்டாங்க இல்ல? போவலாம்," என்றார்.

பந்தல் போட்டிருந்தார்கள். இஞ்சினுக்குப் பச்சையும் சிவப்பும் அடித்து, சக்கரத்துக்கு வெள்ளைக் கோடு போட்டு, புகைபோக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை சாத்தியிருந்தார்கள். உப்புத் தொட்டிகளில் குரோட்டன் செடி. ஒரு பிரமுகர் தேங்காய் உடைத்தார். அதிகாரி ஒலிபெருக்கியில், உப்பு ரயில் தொழிலாளியின் மகள் வந்திருக்கிறார் என்று அறிவித்தார். அப்போதுதான் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

இடுப்புவரை கறுத்த சேலையோடு சிஸ்டர் மேடையேறினார். முதல் வரிசையில் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். பிரமுகர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். சிஸ்டர் சத்தம் போடவில்லை. பிரசவம் முடிந்து வெளியே நிற்கும் உறவுக்காரர்களிடம் பேசும் அதே குரலில் பேசினார்.

"இது என் நாத்தம் இல்ல. உங்க வாய்க்கா நாத்தம். காலைல அதுல நெறமாசப் பொண்ணு ஒருத்தி வுழுந்துட்டா. கொழந்த செத்துப் பொறந்துச்சி. அந்த ஊருக்குப் போற வழிய வெட்டிட்டு, அந்த வழில ஓடுன இஞ்சினுக்கு மால போட்டுக் கீறீங்க. எங்க நைனா பேர இதுல சேக்காதீங்க."

ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். சிஸ்டர் இறங்கி வந்தார். ஏதாவது நடக்கும் என்று நான் நினைத்தேன். யாராவது எழுந்து ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்தேன். அதிகாரி கை காட்டியதும் மேளம் மறுபடியும் தொடங்கியது, பந்தலின் ஓரத்தில் இலை போட்டார்கள். கேசரி, போண்டா, காப்பி. எல்லோரும் போய்ச் சாப்பிட்டார்கள். பிரமுகர் இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டு வாங்கினார். நெய் வழியும் விரல்களை அவர் ஒவ்வொன்றாக நக்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ புண்களைக் கழுவியிருக்கிறேன். அதைவிட அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், எல்லப்பனும் நடுக்குப்பத்து ஆண்களும் இஞ்சின் பூங்காவுக்கு வந்தார்கள். சிஸ்டர்தான் முன்னால் நடந்தார். வேலிக்குள் காட்சிக்கு வைத்திருந்த தண்டவாளங்களுக்குப் புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். காவல்காரர் ஓடி வந்து, "ஐயோ சிஸ்டர், என் வேலை பூடும்," என்று கையைப் பிசைந்தார்.

"நான் எட்த்துக்கினு போனேன்னு சொல்லு. ஓடல, ஒளியல, இங்கதான் இருப்பேன்னு சொல்லு."

ஒவ்வொரு தண்டவாளத்தையும் வலை இழுக்கும் பாட்டோடு தோளில் தூக்கிப் போனார்கள். வாய்க்காலின் நடுவில் பனந்தூண் நட்டு, இரண்டு பக்கமும் தண்டவாளத்தை வைத்து, மேலே ரயில் கட்டைகளைக் குறுக்கே கட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. கன்னியம்மாவைத்தான் முதலில் நடக்கச் சொன்னார்கள். அவள் பாதிவரை வந்து, கீழே தண்ணீரைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, மீதியையும் நடந்து வந்தாள்.

மறுநாள் போலீஸ் வந்தது. புராதனப் பொருளைத் திருடியதாகப் புகார். சப்-இன்ஸ்பெக்டர் பாலத்தைப் பிரிக்க ஆட்களோடு போனபோது, மீன் கூடைக்காரப் பெண்கள் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை இழுக்க வேண்டுமானால் போலீஸ்காரர்கள் வாய்க்காலில் இறங்க வேண்டும். ஒருவரும் இறங்கவில்லை. கரையில் நின்று கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு மிரட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

சிஸ்டரைப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். நானும் உடன் போனேன். "அரசாங்க ஊழியர் நீங்க. பாதுகாக்கப்பட்ட பொருள்மா அது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார். பொம்பளைங்களத்தான் யாரும் பாதுகாக்கல. கேஸு போடுங்க, எம்பேர மொதல்ல எழுதுங்க. கோர்ட்டுல அந்தத் தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டாந்து மேஜ மேல வெக்கிறேன்."

வழக்கு வரவில்லை. புகாரை ஆலையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் சிஸ்டரை ஊத்துக்கோட்டைப் பக்கம் மாற்றினார்கள். மூட்டை கட்டும்போது முனிரத்தினம் அழுதார். சிஸ்டர் அவரை அதட்டினார்: "அங்கயும் பொம்பளைங்கதான் பெத்துக்கிறாங்க. இன்னாத்துக்கு அழுவுற?"

எனக்கும் பிறகு மாற்றல் ஆயிற்று. ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது பாலத்தைப் பார்த்தேன். தண்டவாளம் உறுதியாக இருந்தது. வாய்க்காலும் அப்படியே ஓடியது. பாலத்தின் முகப்பில் ஒரு புதிய பலகை நட்டிருந்தார்கள். கிராம மக்களின் நலனுக்காக இன்ன ஆலை அன்புடன் வழங்கியது என்று அதில் எழுதியிருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அதைச் சொல்லத்தான் ஊத்துக்கோட்டைக்குப் போனேன். அதுவே அவரைக் கடைசியாகப் பார்த்ததும். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் நாஷ்டா சாப்பிட்டோம். இளைத்திருந்தார். கணுக்காலுக்கு மேலே அந்த வாய்க்கால் தந்த தழும்புகள் கறுத்துக் கிடந்தன. பலகையைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை அவர் இட்லியை விடவில்லை.

"கொஞ்ச நாள்ல அந்த அதிகாரியே பாலத்தைக் கட்டினார்னு சொல்லுவாங்க சிஸ்டர். உங்களுக்குக் கோவம் வரலியா?"

"கோவம் வந்து இன்னா? கோவம் ரெண்டு நாள்ல பூடும் கம்பவுண்டரே. நல்லா ரெண்டு வார்த்த பேசி, ஒரு காப்பி குடுத்தா அடங்கிடும். எனக்கு அவங்க மேல கோவமே வரல. கொமட்டிச்சி. கொமட்டல் வந்தா சொம்மா உக்கார முடியாது. எழுந்து எதனா செஞ்சாதான் நிக்கும்."

"பலகை?"

"பலகைய யாரு படிக்கிறாங்க? அவளுங்க நடக்கிறாளுங்க இல்ல? அது போதும். நீ அத்த பாத்து ஒடம்பக் கெடுத்துக்காத." கையைக் கழுவிவிட்டு வந்து, என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார்: "ஆனா ஒண்ணு. பழகிக்காத. அத்த பாத்தா கொமட்டுற வரைக்கும் நீ நல்லா கீறன்னு அர்த்தம்."

என் பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துப் பிடித்து அவரே எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். பஸ் நகர்ந்த பிறகும் திரும்பிப் பார்க்காமல் சுகாதார நிலையத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

அனுதாபக் கூட்டம் நன்றாக நடந்ததாக முனிரத்தினம் சொன்னார். மண்ணின் மகள் என்றார்களாம், தியாகச் சுடர் என்றார்களாம். அவர் அதைச் சொல்லச் சொல்ல எனக்கு அடிவயிற்றிலிருந்து மேலே வந்தது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். சிஸ்டரின் புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்தக் குமட்டல்தான். இன்னும் பழகவில்லை, வைத்திருக்கிறேன்.